இரண்டு மஞ்சள் மாத்திரைகள்



சில ஆண்டுகளுக்கு முன்பு என் தமக்கையாருக்கு முடக்குவாதம் கண்டது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. காப்பித் தம்ளரைப் பிடிக்கவும் இரு கைகள் வேண்டும். டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு இரண்டு மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். இரண்டும் சிறியவை, இரண்டும் மஞ்சள் நிறமுடையவை. முதல் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள் உண்ண வேண்டும். மற்றதை வேறு நாட்களில் உண்ண வேண்டும் என்பது கட்டளை.

தமக்கையார் இரண்டையும் மாற்றிக்கொண்டுவிட்டார். வாரம் ஒரு முறை உண்ண வேண்டியதை நாள்தோறும் உண்டார். ஐந்து நாள் சென்றது. ஆறாம் நாள் வாயெல்லாம் புண், காய்ச்சல், ஒரு வாய்க் கஞ்சியும் இறங்கவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இரத்தத்தைச் சோதித்தார்கள். வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. உடனே லூகோவோரின் என்னும் மருந்தை ஊசி வழியே செலுத்தத் தொடங்கினார்கள். பத்து நாட்களில் அவர் தேறி வீடு திரும்பினார்.

வந்த அன்று மாலை, இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைக் கேட்டார்: “தம்பி, நீ கல்லூரியில் இரசாயனம் சொல்லிக் கொடுக்கிறவன்தானே? நிறமும் ஒன்று, அளவும் ஒன்று. ஒன்று என் உயிரைக் குடிக்கப் பார்த்தது. மற்றொன்று என்னைக் காக்கிறது என்கிறார்கள். இவற்றுக்குள் அப்படி என்னதான் வேற்றுமை?”

அவருக்கு நான் சொன்ன விடையைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். அந்த விடையில் கரிம இரசாயனம் வருகிறது, மருத்துவம் வருகிறது, சென்னையில் கல்வி கற்று, கடல் கடந்து சென்று, திரும்பி வராமலே மறைந்த ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையும் வருகிறது.

தமக்கையாரைக் காத்த மாத்திரையின் பெயர் ஃபோலிக் அமிலம். அது வைட்டமின் பி வகையைச் சேர்ந்த ஓர் உயிர்ச்சத்து. கீரையிலும் பருப்பு வகைகளிலும் ஈரலிலும் இருப்பது. அளவு மீறி உண்டதால் அவரைத் துன்புறுத்திய மாத்திரையின் பெயர் மெதோட்ரெக்சேட். ஃபோலிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறில் 51 அணுக்கள் உண்டு. அதன் ஒரு மூலையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த அமினோத் தொகுதியை அங்கே வையுங்கள். நடுவில் உள்ள ஒரு நைட்ரஜன் அணுவின்மேல் ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஒரு மெதில் தொகுதியைப் பொருத்துங்கள். உயிர்ச்சத்து மெதோட்ரெக்சேட்டாக மாறிவிடும். வேற்றுமை இவ்வளவே.

இவ்விரண்டு சிறு மாற்றங்களைச் செய்ய மனிதனுக்கு எவ்வாறு தெரிய வந்தது? அந்த வரலாறு நம் நாட்டில்தான் தொடங்குகிறது.

1928-ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுள் பலர் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாயினர். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருத்துக் காணப்பட்டன. இது கிருமியால் வருவதன்று, உணவுக் குறையால் வருவது என்று வில்ஸ் ஐயுற்றார். பம்பாயிலும் நம் குன்னூரிலும் எலிகளையும் குரங்குகளையும் வைத்து ஆராய்ந்தார். முடிவில், ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்ற மலிவான சாற்றைக் கொடுத்தால் அப்பெண்கள் குணமடைவதைக் கண்டு, 1931-இல் வெளியிட்டார். ஈஸ்டிலும் ஈரலிலும் உள்ள ஏதோ ஒரு பொருள் இரத்தத்தை ஊறச் செய்கிறது என்பது தெளிவாயிற்று. அது எது என்பது மட்டும் தெரியவில்லை.

1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் நான்கு டன் பசலை வகைக் கீரையை அரைத்துப் பிழிந்து, பிரித்துப் பிரித்து, அதிலிருந்து மிகச் சிறிதளவு பொருளை எடுத்தார்கள். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். நான்கு டன் கீரைக்குக் கிடைத்தது ஒரு சிட்டிகை! உலகெங்கும் உள்ள நோயாளிகளுக்கு இதை எவ்வாறு கொடுப்பது? இயற்கையை நம்பியிருந்தால் இயலாது. இரசாயனக் கூடத்தில் மனிதனே அதை ஆக்க வேண்டும். எளிய பொருள்களை இணைத்துச் சிக்கலான மூலக்கூறு ஒன்றைக் கட்டுவதைக் கரிமத் தொகுப்பு என்று நாம் வகுப்பில் படிக்கிறோம். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஆராய்ச்சிக் குழுவின் தலைவரே நான் குறிப்பிட்ட விஞ்ஞானி, எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறிய குடும்பம். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரு முறை தவறி, மூன்றாம் முறைதான் தேறினார். பரீட்சையில் தவறிய மாணவர் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் இதை மனத்தில் கொள்ளட்டும். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குச் சென்றதால் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். அதனினும் பெரிய துயரம் ஒன்று அவர் நெஞ்சில் இருந்தது. நம் நாட்டு வைத்தியர்கள் கிராணி என்றும் ஆங்கில மருத்துவர்கள் ஸ்ப்ரூ என்றும் சொல்லும் கழிச்சல் நோய்க்கு அவருடைய உடன்பிறந்தார் இருவர் ஒருவர் பின் ஒருவராக இரையாயினர். உண்ட உணவு உடலில் ஒட்டாமல், இரத்தம் வற்றி, உடல் மெலிந்து மாளும் நோய் அது. அன்று அதற்கு மருந்து இல்லை.

1922-இல் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். செலவுக்கு வழியில்லாமல் ஒரு மருத்துவமனையில் இரவுநேரப் பணியாளாக உழைத்துக்கொண்டே படித்தார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நீலநிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரை அறிவார்கள். அந்த முறையைக் கருவியாகக் கொண்டே, தசை இயங்குவதற்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியாட்டின், ஏ.டி.பி. ஆகியவற்றை இருவரும் தசையிலிருந்து பிரித்துக் காட்டினர். இத்தனைக்குப் பின்பும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்றார். விரைவில் அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார்.

இனி இரசாயனத்துக்கு வருவோம். ஒரு மூலக்கூறைக் கட்ட வேண்டுமானால் அதன் அமைப்பை முதலில் அறிய வேண்டும். சுப்பாராவின் குழுவினர் ஈரலிலிருந்தும், பாக்டீரியாக்களை வளர்த்துப் புளிக்க வைத்த திரவத்திலிருந்தும் பொருளைச் சேகரித்தனர். அதைச் சிதைத்து, வெளிப்படும் துண்டுகள் யாவை என்று பார்த்தனர். மூலக்கூறு மூன்று துண்டுகளால் ஆனது என்று தெரிந்தது. ஒரு முனையில் நைட்ரஜன் அணுக்கள் நிறைந்த டெரிடின் என்னும் இரட்டை வளையம். மஞ்சள் நிறம் வருவது அதனால்தான். நடுவில் பாரா-அமினோபென்சாயிக் அமிலம். மறுமுனையில் குளுட்டாமிக் அமிலம். பிந்தையது நாம் உண்ணும் பருப்பின் புரதத்திலும் இருக்கும் சாதாரணப் பொருளே.

ரயில் வண்டியில் இஞ்சினும் பெட்டிகளும் கொக்கியால் இணைக்கப்பட்டிருப்பதுபோல் இத்துண்டுகள் இணைந்திருக்கின்றன. இரட்டை வளையத்தை முன்னதாகவே செய்துகொண்டு பின்னர் இணைக்க வேண்டியதில்லை. மூன்று பொருள்களை ஒரே பாத்திரத்தில் சேர்த்தனர். முதலாவது, மூன்று அமினோத் தொகுதிகளும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் கொண்ட பிரிமிடின் என்ற ஒற்றை வளையம். இரண்டாவது, மூன்று கார்பன் அணுக்களும் இரண்டு புரோமின் அணுக்களும் உள்ள ஒரு சிறு ஆல்டிஹைடு. கொக்கியாக இருப்பது இதுவே. மூன்றாவது, நடுத்துண்டும் கடைத்துண்டும் ஏற்கெனவே இணைந்த பொருள். கொக்கியின் இரண்டு கார்பன்கள் ஒற்றை வளையத்தோடு சேர்ந்து இரண்டாம் வளையத்தை மூடின. மிஞ்சிய மூன்றாம் கார்பன் நடுத்துண்டைப் பற்றிக்கொண்டது.

கிடைத்த கலவையில் வேண்டிய பொருள் சிறு பகுதியே. அதைத் தூய்மை செய்து எடுத்தபின், இயற்கைப் பொருளும் இதுவும் ஒன்றுதானா என்று தீர்மானிக்க ஒரு நீதிபதி தேவைப்பட்டார். ஃபோலிக் அமிலம் இன்றேல் வளராத ஒரு பாக்டீரியாவே அந்த நீதிபதி! ஈரலிலிருந்து எடுத்ததைக் கொடுத்தால் எவ்வளவு வளர்ந்ததோ, பாத்திரத்தில் செய்ததைக் கொடுத்தபோதும் அவ்வளவே வளர்ந்தது. 1945-இல் இச்செய்தி வெளியாயிற்று. அதில் சுப்பாராவ், வாலர், ஆஞ்சியர், ஸ்டோக்ஸ்டாட், டோரிஸ் சீகர் என்று பத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. இது தனி ஒருவரின் வெற்றி என்று சொன்னால் மற்றவர்களுக்கு அநீதி செய்தவராவோம்.

செயற்கை முறையில் ஆக்கிய ஃபோலிக் அமிலத்தை டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். வற்றிய இரத்தம் ஊறியது; படுத்தவர்கள் எழுந்தார்கள். தம் உடன்பிறந்தாரைக் கொண்டுபோன நோய்க்கு ஒரு மருந்து, சுப்பாராவ் நடத்திய ஆராய்ச்சிச் சாலையிலிருந்தே வந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் என் தமக்கையாரின் கேள்விக்குப் பாதி விடைதான் கிடைத்திருக்கும். மறுபாதிக்கு நாம் சிறிது பின்னே செல்ல வேண்டும்.

1930-களில் சல்ஃபா மருந்துகள் வந்தன. அவை பாக்டீரியாக்களின் வளர்ச்சியை எவ்வாறு தடுக்கின்றன என்பதை 1940-இல் டொனால்டு வுட்ஸ் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் விளக்கினார். சல்ஃபா மூலக்கூறு, பாரா-அமினோபென்சாயிக் அமிலத்தைப் போன்ற உருவமுடையது. பாக்டீரியா ஏமாந்து, உண்மைப் பொருள் இருக்க வேண்டிய இடத்தில் போலிக்கு இடங்கொடுத்துவிடுகிறது. ஆகவே அதன் வாழ்வு தடைப்படுகிறது. அந்த உண்மைப் பொருளே ஃபோலிக் அமிலத்தின் நடுத்துண்டு என்பதைச் சற்று முன்பு கண்டோம். பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்வது. நாம் உணவிலிருந்து பெறுபவர்கள். சல்ஃபா கிருமியைத் தாக்கி நம்மை விட்டுவிடுவது இதனால்தான்.

இதிலிருந்து ஒரு புதிய எண்ணம் பிறந்தது. ஒரு துண்டுக்குப் போலி செய்ய முடியுமானால், முழு ஃபோலிக் அமிலத்துக்கே போலி செய்தால் என்ன? தொகுப்பு முறை கையில் இருந்தபடியால் இது எளிதாயிற்று. பாத்திரத்தில் சேர்க்கும் முதற்பொருளில் ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பதிலாக நான்காவது அமினோத் தொகுதி உள்ள பிரிமிடினைச் சேர்த்தால் அமினோப்டெரின் கிடைக்கும். மூன்றாம் பொருளிலும் ஒரு மெதில் தொகுதியைச் சேர்த்துவிட்டால் மெதோட்ரெக்சேட் கிடைக்கும். வழி ஒன்றே, சரக்கில் ஒன்றிரண்டு மாறுகிறது. கீரையைப் பிழிந்து ஃபோலிக் அமிலம் எடுப்பவரால் இதை ஒருநாளும் செய்திருக்க முடியாது. ஒரு பொருளைத் துண்டு துண்டாகக் கட்டத் தெரிந்தவருக்கே, எந்தத் துண்டை மாற்றலாம் என்பதும் தெரியும். கரிமத் தொகுப்பின் பயன் பொருளை மலிவாக்குவது மட்டுமே என்று எண்ணும் மாணவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

அக்காலத்தில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்குறியியல் நிபுணர் இருந்தார். கடும் இரத்தப் புற்றுநோயால் குழந்தைகள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறப்பதைப் பார்த்து வருந்தியவர். ஃபோலிக் அமிலத்தோடு தொடர்புள்ள சில பொருள்களை லெடர்லியிலிருந்து பெற்று அக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நல்ல இரத்தம் ஊறும் என்பது நம்பிக்கை. நேர்ந்ததோ நேர்மாறானது. புற்று இன்னும் விரைவாக வளர்வதுபோல் தோன்றியது.

இந்த இடத்தில் நாம் நின்று பார்க்க வேண்டும். நோயுற்ற குழந்தைக்கு நன்மை செய்ய எண்ணிக் கொடுத்த மருந்து நோயைத் தூண்டிவிட்டது என்ற ஐயம் எழுந்தால் ஒரு மருத்துவரின் மனம் என்ன பாடுபடும்? வேறொருவர் ஆராய்ச்சியையே கைவிட்டிருக்கக் கூடும். ஃபார்பர் அந்தத் தோல்வியையே சாட்சியாகக் கொண்டார். ஃபோலிக் அமிலம் புற்றை வளர்க்கிறதென்றால், அதன் போலி புற்றை ஒடுக்க வேண்டும் அன்றோ? எதிர்ப்பொருள்களை அனுப்புமாறு கேட்டார். சுப்பாராவின் ஆராய்ச்சிச் சாலை அவற்றை அனுப்பியது. 1947-இன் இறுதியில் அமினோப்டெரின் வந்து சேர்ந்தது.

1948 ஜூன் மாதம் ஃபார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளுள் 10 குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. இரத்தத்தில் புற்றணுக்கள் குறைந்தன. நடக்க மாட்டாத குழந்தை எழுந்து நடந்தது. ஆயினும் அந்த நலம் நீடிக்கவில்லை. நோய் திரும்பி வந்தது. ஃபார்பரும் இது தற்காலிகமான நலமே என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். எனினும், மருந்தினால் இந்த நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பதற்கு முதல் சான்று அன்று கிடைத்துவிட்டது.

அவ்வறிக்கை வெளிவந்து இரண்டு மாதங்களுக்குச் சற்றுப் பின்பு, 1948 ஆகஸ்ட் 8-ஆம் நாள், சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். வயது 53. பாஸ்டனுக்குச் சென்ற நாளிலிருந்து அவர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. அமினோப்டெரினைக் காட்டிலும் கையாளத்தக்கதென்று கண்ட மெதோட்ரெக்சேட் அதன் இடத்தைப் பிடித்தது. கருப்பையில் தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை மெதோட்ரெக்சேட்டைக் கொண்டே அகற்ற முடியும் என்பதை 1956-இல் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் காட்டினர். பின்னாளில் அது வேறு பல மருந்துகளுடன் சேர்த்து வழங்கப்பட்டது. வசதியான மருத்துவம் கிடைக்கும் நாடுகளில் இன்று அவ்வகை இரத்தப் புற்றுநோய் கண்ட பத்துக் குழந்தைகளுள் எண்மருக்கு மேல் பிழைத்து வளர்கிறார்கள்.

அந்தப் போலி உடலுக்குள் செய்வது என்ன என்பது 1950-களின் பிற்பகுதியில்தான் துலங்கியது. உணவிலிருந்து வரும் ஃபோலிக் அமிலத்தை உடல் அப்படியே பயன்படுத்துவதில்லை. ஒரு நொதி அதனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துப் பதப்படுத்துகிறது. அவ்வாறு பதப்பட்ட பின்பே அது புதிய அணுக்களின் மரபுப்பொருளைக் கட்டுவதற்கு உதவும். மெதோட்ரெக்சேட் அந்த நொதியினுள் கள்ளச் சாவிபோல் நுழைகிறது. பூட்டைத் திறக்கவும் செய்யாது; எளிதில் வெளியேயும் வராது. உண்மைப் பொருளைக் காட்டிலும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. புதிய உயிரணுக்கள் பிறப்பது தடைப்படுகிறது. ஓயாமல் பெருகும் புற்றணுவுக்கு அது பேரிடி.

ஆனால் நம் உடலிலும் ஓயாமல் பெருகும் நல்ல அணுக்கள் உண்டு. வாயின் உட்தோல், குடல், இரத்தம் ஊறும் எலும்பு மச்சை ஆகியவை அவை. என் தமக்கையாருக்கு வாய்ப்புண் கண்டதும் வெள்ளணு குறைந்ததும் ஏன் என்று இப்பொழுது உங்களுக்கே விளங்கியிருக்கும். அவருக்கு ஊசி வழியே செலுத்திய லூகோவோரின், ஏற்கெனவே பதப்படுத்தப்பட்ட ஃபோலிக் அமிலம்தான். பூட்டிய கதவின் வழியே செல்ல வேண்டிய தேவை அதற்கில்லை. கொல்லைப்புற வழியாக நேரே உள்ளே சென்று வேலையைத் தொடங்கிவிடுகிறது. பிணியைத் தந்ததும், மாற்றாக வந்ததும், நாள்தோறும் காப்பதும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள்.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை சிறிய அளவில் கொடுக்கும்போது மெதோட்ரெக்சேட் மூட்டின் அழற்சியைத் தணிக்கிறது. உடன் வரும் தொல்லைகளைக் குறைக்க ஃபோலிக் அமிலம் தரப்படுகிறது. வாரம் ஒரு முறை என்பதில் தவறினால் மருந்தே நஞ்சாகிவிடும். உங்கள் வீட்டில் முதியவர் எவரேனும் இதை உண்பவராயின், எந்தக் கிழமை என்பதை மாத்திரை உறையின்மேல் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இரசாயனம் படித்ததன் பயன் அங்கேயே தொடங்கட்டும்.

யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழுக்களை இரத்தத்திலிருந்து ஒழிக்கும் டைஎதில்கார்பமசைன் என்னும் மருந்தும் சுப்பாராவ் தலைமை வகித்த அதே ஆராய்ச்சிச் சாலையிலிருந்து 1947-இல் வெளிவந்தது. பைபரசைன் என்ற எளிய வளையத்தின்மீது ஒவ்வொரு தொகுதியாக மாற்றி மாற்றிப் பொருத்தி, புழுத்தொற்றுள்ள பருத்திக்காட்டு எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக் கண்டது அது. வீடு வீடாக வந்து யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை கொடுத்தவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அம்மாத்திரையை விழுங்கியவர்களுள் எத்தனை பேருக்கு, சென்னைக் கல்லூரிகளில் நடமாடிய அந்த மனிதரைத் தெரியும்?

என் விடையைக் கேட்டு முடித்ததும் தமக்கையார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஃபோலிக் அமிலத்தை ஒரு வெள்ளை டப்பியிலும் மற்றதை ஒரு சிவப்பு டப்பியிலும் போட்டார். சிவப்பு டப்பியின் மூடியில், “ஞாயிறு மட்டும்” என்று தம் கையாலேயே எழுதி ஒட்டினார். விரல்கள் அன்று சற்று நன்றாகவே மடங்கின.